கணக்கு தரும் நிறையும் தராசு தரும் நிறையும்

திரையில் வரைந்து முடித்த பாகம் பார்வைக்கு அசல் இரும்பைப் போலவே மின்னும். ஆனால் நிறை என்ற ஒன்றை நாம் கொடுக்கும்வரை அது வெறும் வடிவம்தான். மோட்டார் எவ்வளவு முறுக்குவிசை தர வேண்டும், ரோபோ கை நிற்கச் சொன்ன இடத்தில் நிற்குமா, சட்டகம் எந்த அதிர்வெண்ணில் நடுங்கும் என்று சிமுலேஷனிடம் நாம் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கும் பதில் நிறையிலிருந்தே தொடங்குகிறது. அங்கே தவறினால், அதற்குப் பிறகு வரும் வண்ணப் படங்களும் வரைபடங்களும் தவறையே அழகாகக் காட்டும்.

நிறையைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. பாகம் எந்தப் பொருளால் ஆனது என்று மட்டும் சொல்லிவிட்டு, கனஅளவை அடர்த்தியால் பெருக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடலாம். அல்லது தராசில் நிறுத்தோ, தயாரிப்பாளரின் தகவல் தாளைப் பார்த்தோ எண்களை நாமே உள்ளிடலாம். முதலாவதைக் கணக்கு வழி என்றும் இரண்டாவதை அளவை வழி என்றும் வைத்துக்கொள்வோம்.

மென்பொருள்களே இந்தப் பிரிவை ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆடம்ஸில் ஒரு பாகத்தின் நிறையைத் திருத்தப் போனால் மூன்று தெரிவுகள் கிடைக்கும்: வடிவமும் பொருளும், வடிவமும் அடர்த்தியும், பயனர் உள்ளீடு. சிம்ஸ்கேப் மல்டிபாடியும் மூன்று தெரிவுகள் தருகிறது: வடிவத்திலிருந்து கணக்கிடுவது, புள்ளி நிறையாகக் கொள்வது, எல்லா எண்களையும் நாமே கொடுப்பது. சாலிட்வொர்க்ஸ் இயல்பாகக் கணக்கு வழியில் போகும். ஆனால் ‘ஓவர்ரைடு’ சாளரத்தைத் திறந்தால் நிறை, நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றையும் தனித்தனியாக மாற்றி எழுதலாம். ரோபோக்களை விவரிக்கும் யூஆர்டிஎஃப் கோப்போ எண்களை நேரடியாக எழுதுவதை மட்டுமே ஏற்கும்.

இரண்டில் எது நல்லது என்ற கேள்வி பயிற்சி வகுப்பு முதல் வடிவமைப்பு அலுவலகம் வரை எழுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அதற்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

பத்து எண்கள்

வளையாத, நெகிழாத ஒரு பாகத்தின் இயக்கத்தைச் சொல்ல மொத்தம் பத்து எண்கள் வேண்டும். நிறை ஒன்று. நிறை மையம் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று. சுழற்சியை அந்தப் பாகம் எப்படி எதிர்க்கிறது என்பதற்கு ஆறு: மூன்று அச்சுகளிலும் நிலைமத் திருப்புத்திறன், அவற்றோடு அச்சுகளை இணைக்கும் மூன்று குறுக்கு மதிப்புகள். திடப் பொருள்களின் இயக்கம் பற்றி ஆய்லர் 1765-ல் வெளியிட்ட நூலின் காலத்திலிருந்து இந்தக் கணிதம் பெரிதாக மாறவில்லை. அதைப் போட்டுத் தரும் கருவிதான் மாறியிருக்கிறது.

முதல் எண்ணில் மட்டும் கவனம் வைத்து மற்ற ஒன்பதையும் மறப்பது எளிது. அதன் விலை என்ன என்பதற்கு விண்வெளி வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1, ஏறத்தாழ 14 கிலோ நிறையுள்ள நீண்ட மெல்லிய உருளை. அதை நீள அச்சில் சுழலவிட்டார்கள். திருப்புத்திறன் மிகக் குறைவாக இருந்ததும் அதே அச்சில்தான். வளைந்து அசையும் கம்பி ஆன்டெனாக்கள் சுழற்சி ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட, செயற்கைக்கோள் விரைவிலேயே குறுக்கு அச்சில் புரளத் தொடங்கியது. நிறையின் அளவு தெரிந்திருந்தது. அது எந்த அச்சைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்பதே அங்கே விதியைத் தீர்மானித்தது.

ஆகவே இரு வழிகளையும் எடை போடும்போது, பத்து எண்களில் எத்தனையை அந்த வழி நம்பகமாகத் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கு வழியின் பலம்

20 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட எஃகுத் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனஅளவு சுமார் 94 கன செ.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்றால் நிறை 740 கிராம். சுழலும் அச்சில் திருப்புத்திறன் 370 கிராம்-செ.மீ.². கடைசல் இயந்திரத்தில் சரியாகக் கடைந்தெடுத்த தண்டைத் தராசில் வைத்தால் இந்த எண்ணை ஒட்டித்தான் காட்டும்.

இப்போது வடிவமைப்பாளர் விட்டத்தை 25 மி.மீ. ஆக்குகிறார். நிறை 1,156 கிராமாக உயரும். அதாவது 56 சதவீதம் கூடுதல். திருப்புத்திறனோ 903 ஆகிவிடும். ஏறத்தாழ இரண்டரை மடங்கு. விட்டத்தின் நான்காம் அடுக்கில் அது வளர்வதே காரணம். கணக்கு வழியில் இந்தப் பத்து எண்களும் வரைபடம் மாறிய கணமே தாமாக மாறிக்கொள்கின்றன. யாரும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நாளுக்கு நான்கு முறை வடிவம் மாறும் தொடக்கக் கட்டத்தில் இதற்கு ஈடு இல்லை.

இன்னொரு பலமும் உண்டு. வடிவத்திலிருந்து பிறந்த எண்கள் ஒன்றோடொன்று முரண்படா. இயற்கையில் எந்தப் பொருளுக்கும் இரண்டு அச்சுகளின் திருப்புத்திறனைக் கூட்டினால் மூன்றாவதை விடக் குறையாது. கையால் எழுதிய எண்கள் இந்த விதியை மீறக்கூடும். மூடிய திட வடிவத்திலிருந்து சரியாகக் கணக்கிட்டவை மீறுவதில்லை.

கணக்கு வழியின் பலவீனம்

கணக்கு வழி சரியாக வர இரண்டு நிபந்தனைகள் உண்டு. வரைந்தது முழுமையாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருள் ஒரே சீராக இருக்க வேண்டும். உண்மையான இயந்திரங்களில் இரண்டுமே அடிக்கடி பொய்க்கின்றன.

முதலில், பொருளைக் குறிக்க மறப்பது. பொருள் சொல்லாத பாகத்துக்கு சாலிட்வொர்க்ஸ், சிம்ஸ்கேப், ரோபோ சிமுலேஷனில் புழங்கும் முஜோகோ மூன்றுமே ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்கின்றன. அது தண்ணீரின் அடர்த்தி. ஆடம்ஸோ எஃகு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். எந்த எச்சரிக்கையும் சிவப்பில் ஒளிராது. சிமுலேஷன் ஓடி முடிந்து ஒரு விடையும் வந்துவிடும்.

அடுத்தது, வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்கள். மின்வாகனங்களிலும் பழைய மடிக்கணினிகளிலும் புழங்கும் 18650 லித்தியம் செல்லைப் பாருங்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கனஅளவு சுமார் 16.5 கன செ.மீ. வெளியுறை எஃகு என்பதால் எஃகு என்று குறித்தால் 130 கிராம் வரும். எதுவும் குறிக்காவிட்டால் 16.5 கிராம். உண்மையான செல் பொதுவாக 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். நாற்பது செல்கள் கொண்ட பேட்டரிப் பெட்டியில் இது 5.2 கிலோவா, 0.66 கிலோவா, உண்மையில் இருக்கும் 1.9 கிலோவா என்ற கேள்வியாக வளர்ந்து நிற்கும். சக்கரம், பிரேக், தாங்கி என்று எதைக் கணக்கிட்டாலும் இந்தப் பிழை கூடவே வரும்.

மூன்றாவது, வரையாமல் விட்டவை. வயர், கிரீஸ், பெயின்ட், வெல்டிங், நட்டு போல்ட்டுகள் எல்லாவற்றையும் யாரும் முழுமையாக வரைவதில்லை. வார்ப்புப் பாகங்களில் வரைபடத்துக்கும் வார்த்து வந்ததற்கும் தடிமனில் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொன்றும் சிறியது, ஆனால் பெரும்பாலும் ஒரே பக்கமாக, எடையைக் கூட்டும் பக்கமாகவே சேர்வதால் மொத்தத்தில் சிறியதல்ல.

அளவை வழி

அளவை வழியின் பலம் ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விடை கிடைக்கும். செல்லுக்குள் செம்புத் தகடு எத்தனை சுற்று, மோட்டாருக்குள் காந்தம் எவ்வளவு என்ற கேள்விகள் தராசுக்கு வேண்டாம்.

நிறையை அறியத் தராசு போதும். நிறை மையத்தை, பாகத்தை இரண்டு நிலைகளில் மூன்று எடைமானிகள் மேல் தாங்கவைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்கிறது என்பதிலிருந்து கண்டுபிடிக்கலாம். திருப்புத்திறனுக்கு மூன்று கம்பிகளில் தொங்கும் வட்டத்தட்டு வேண்டும். பாகத்தின் நிறை மையம் தட்டின் நடுவுக்கு நேராக வரும்படி வைத்து, லேசாகத் திருப்பிவிட்டு, ஆடும் காலத்தை அளக்க வேண்டும். கம்பியின் நீளம், தட்டின் ஆரம், மொத்த நிறை ஆகியவற்றோடு அந்தக் காலத்தின் வர்க்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் திருப்புத்திறன் வரும்; வெறும் தட்டினுடையதைக் கழித்துவிட வேண்டும். காலம் வர்க்கத்தில் வருவதால், நேரத்தில் ஒரு சதவீதப் பிழை விடையில் இரண்டு சதவீதமாகும். அதனால்தான் ஒரே ஆட்டத்தை அளக்காமல் தொடர்ந்து இருபது ஆட்டங்களை அளந்து வகுப்பார்கள்.

பலவீனமும் இங்கேயே தொடங்குகிறது. ஒருமுறை வைத்து ஆட்டினால் ஒரு அச்சின் எண் மட்டுமே கிடைக்கும். ஆறு எண்களும் வேண்டுமென்றால் பாகத்தை ஆறு நிலைகளில் வைத்து அளக்க வேண்டும். தகவல் தாளை நம்பினாலும் இதே குறைதான்: நிறை இருக்கும், நிறை மையம் அபூர்வமாக இருக்கும், ஆறு திருப்புத்திறன் எண்களும் சேர்ந்த முழு நிலைம அணி பெரும்பாலும் இருக்காது.

கிடைத்த எண்ணை உள்ளிடும்போது நான்கு பொறிகள் காத்திருக்கின்றன.

முதலாவது அலகு. ஒரு கிலோ-மீ.² என்பது பத்து லட்சம் கிலோ-மி.மீ.². அபாகஸ் போன்ற மென்பொருள்கள் அலகைக் கேட்பதே இல்லை. மில்லிமீட்டரிலும் நியூட்டனிலும் வேலை செய்பவர் நிறையை டன்னில் நினைக்க வேண்டும், எஃகின் அடர்த்தியை 7.85×10⁻⁹ என்று எழுத வேண்டும். முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பிலும் அலகு கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராகப் படித்துவிட்டால் கனஅளவு நூறு கோடி மடங்காகும். இந்த எஸ்டிஎல் பொறியில் கணக்கு வழியும் சேர்ந்தே விழுகிறது.

இரண்டாவது, எந்தப் புள்ளியைச் சுற்றி என்பது. சாலிட்வொர்க்ஸின் நிறைப் பட்டியலில் திருப்புத்திறன் மூன்று முறை வருகிறது: முதன்மை அச்சுகளில், நிறை மையத்தில், ஆய அச்சுகளின் தொடக்கப் புள்ளியில். நிறை மையத்தில் உள்ளதைக் கேட்கும் இடத்தில் கடைசியில் உள்ளதை நகலெடுத்து ஒட்டினால், இணை அச்சுத் தேற்றப்படி கூடிய பகுதி (நிறை × தொலைவின் வர்க்கம்) இரண்டு முறை சேர்ந்துவிடும். 2 கிலோ பாகத்தின் மையம் தொடக்கப் புள்ளியிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால், தவறாகக் கூடுவது 0.045 கிலோ-மீ.². சிறிய பாகத்துக்கு அது அதன் சொந்த எண்ணையே மூழ்கடிக்கும்.

மூன்றாவது, குறுக்கு மதிப்புகளின் கூட்டல் கழித்தல் குறி. சில மென்பொருள்கள் அவற்றை நேர்க்குறியோடும், சில எதிர்க்குறியோடும் வரையறுக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது இதைக் கவனிக்காவிட்டால் முதன்மை அச்சுகள் தவறான பக்கம் சாய்ந்துவிடும்.

நான்காவது, உறைந்துபோகும் எண். கையால் எழுதிய மதிப்பு, வடிவம் மாறினாலும் மாறாது. இன்வென்டர் மென்பொருள் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது: கணக்கிட்ட மதிப்பின் அருகே கால்குலேட்டர் சின்னமும், கையால் எழுதியதன் அருகே கைச் சின்னமும் தெரியும். அந்தச் சின்னத்தைப் பார்க்காமல் நகராத பொறியாளர், ஆறு மாதம் பழைய எண்ணோடு புதிய வடிவத்தை ஓட்டமாட்டார்.

ஒரே மோட்டார், இரண்டு பார்வை

இரு வழிகளையும் ஒரே பொருளின் மீது வைத்துப் பார்ப்போம். முப்பரிமாண அச்சுக் கருவிகளில் பரவலாக இருக்கும் நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார், 42 மி.மீ. சதுரம், 40 மி.மீ. நீளம். தகவல் தாள் இரண்டு எண்களைத் தருகிறது: நிறை 280 கிராம், உள்ளே சுழலும் ரோட்டரின் திருப்புத்திறன் 54 கிராம்-செ.மீ.².

கணக்கு வழியில் அதை எஃகுக் கட்டியாக வைத்தால் 554 கிராம் வருகிறது. உண்மையைப் போல இரு மடங்கு. இங்கே தராசுக்கே வெற்றி. 280-ஐ எழுதிவிடுகிறோம். இதோடு வேலை முடிந்ததா?

இரண்டு மூட்டுகள் உள்ள ரோபோ கையில், முழங்கை மோட்டாராக இது தோள் அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். தோள் மோட்டார் உணரும் சுமை, நிறையைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிய 1,12,000 கிராம்-செ.மீ.². 280 கிராம் கட்டி தன் மையத்தைச் சுற்றிக் காட்டும் திருப்புத்திறன் சுமார் 820 மட்டுமே. ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த 820-ஐத் துல்லியமாக்க ஒரு நாள் உழைத்தாலும் விடையில் எதுவும் தெரியாது.

அதே முழங்கையில் 1:20 பல்சக்கரக் குறைப்பு இருந்தால், ரோட்டரின் சிறிய 54 என்ற எண், விகிதத்தின் வர்க்கமான 400-ஆல் பெருகி, முழங்கை மூட்டில் 21,600 ஆகத் தெரியும். மோட்டாரை ஒற்றைக் கட்டியாக வைத்தவரின் சிமுலேஷனில் இந்த எண் எங்குமே இல்லை. நிறையைக் கிராம் சுத்தமாக நிறுத்திருந்தாலும் இல்லைதான். முஜோகோவில் ‘ஆர்மேச்சர்’ என்று மூட்டுக்கே ஒரு தனி மதிப்பு வைத்திருப்பது இதற்காகத்தான். இந்த வசதி இல்லாத மென்பொருள்களில் ரோட்டரைத் தனிப் பாகமாக்கி, அதன் நிறையை உறையிலிருந்து கழித்துவிட வேண்டும்.

எந்த வழியில் எண் வந்தது என்பதற்கு முன்னால், எந்த எண் இந்தக் கேள்விக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதை இந்த மோட்டார் காட்டுகிறது. தரையோடு பிணைத்த பாகத்துக்கு இயக்கக் கணக்கில் நிறையே தேவையில்லை. நிலையான அச்சில் சுழலும் சக்கரத்தின் வேகத்துக்கு அந்த அச்சின் ஒரு எண் போதும். தாங்கிகளின் மீது விழும் அதிர்வைக் கேட்டால்தான் மையமும் குறுக்கு மதிப்புகளும் வேண்டும். அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நிறையில் 10 சதவீதப் பிழை அங்கே சுமார் 5 சதவீதமாகத் தணியும்.

சமரசத்தின் ஆபத்து

இரண்டையும் கலக்கும் மூன்றாம் வழி ஒன்று பல அலுவலகங்களில் புழங்குகிறது. பாகத்தை நிறுத்துப் பார்த்து, அந்த நிறை வரும்வரை அடர்த்தியைக் கூட்டிக் குறைத்துப் பொருத்திவிடுவது. நிறை சரியாகிவிடுகிறது, திருப்தியும் வந்துவிடுகிறது. மற்ற ஒன்பது எண்களும் சரியா?

40 மி.மீ. பக்கமுள்ள பிஎல்ஏ பிளாஸ்டிக் கனசதுரத்தை முப்பரிமாண அச்சில் எடுக்கிறோம். சுற்றிலும் 1.2 மி.மீ. சுவர், உள்ளே 20 சதவீத நிரப்பு. முழுத் திடமாக இருந்தால் 79 கிராம் இருக்க வேண்டியது, இப்போது 26.6 கிராம். அடர்த்தியை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டால் நிறை பொருந்தும். திருப்புத்திறன் 71 கிராம்-செ.மீ.² என்று மென்பொருள் சொல்லும். ஆனால் நிறையில் பாதி வெளிச்சுவரில் இருக்கிறது. சுவரையும் நிரப்பையும் பிரித்துக் கணக்கிட்டால் உண்மை மதிப்பு 87. ஏறத்தாழ 23 சதவீதம் கூடுதல்.

தராசு இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தராசின் எண் பொருந்திவிட்டது. சமச்சீரான கனசதுரம் என்பதால் நிறை மையமாவது தப்பித்தது. ஒருபக்கம் கனத்த கியர் பெட்டியில் அதுவும் நகர்ந்திருக்கும். சீரான பாகத்துக்கு அடர்த்தியைத் திருத்துவது நியாயம். சீரற்றதற்கு அது பிழையை மறைக்கும் பூச்சு. சரியான மாற்று, பாகத்தை உள்ளே உள்ளபடி இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதனதன் அடர்த்தியைக் கொடுப்பது. பிறகு மொத்தத்தைத் தராசோடு ஒப்பிடுவது.

தீர்ப்பு

நாமே வடிவமைத்து, ஒரே பொருளில் செய்யும் பாகங்களுக்குக் கணக்கு வழியே சிறந்தது. வாங்கிப் பொருத்தும் மோட்டார், பேட்டரி, தாங்கி, சென்சார்களுக்கு அளவை வழியே சிறந்தது. அவை அச்சிலிருந்து விலகி இருக்கும்போது நிறையும் மையமும் சரியாக இருந்தாலே பெரும்பாலும் போதும். வடிவமைப்பின் தொடக்கத்தில் கணக்கும் முடிவில் அளவையும் தலைமை ஏற்க வேண்டும். முதல் மாதிரி கைக்கு வந்த பிறகும் தராசைத் தொடாமல் திரையை மட்டும் நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

விமானத் துறையில் எடைக்கென்றே தனிப் பொறியாளர்கள் உண்டு. அமெரிக்காவில் அவர்களுக்கு 1939-லேயே ஒரு சங்கம் உருவாகிவிட்டது. அவர்கள் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது மதிப்பீடா, கணக்கா, அளந்ததா என்று குறித்துவைப்பார்கள். திட்டம் முன்னேற முன்னேற முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது கூடும். இந்தப் பழக்கத்துக்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. கல்லூரியில் ரோபோ செய்யும் மாணவரும் நான்கு பேர் உள்ள சிறு பட்டறையும் ஒரு எக்செல் தாளில் இதைச் செய்துவிடலாம்.

அடுத்த முறை சிமுலேஷனை ஓட்டுமுன் நிறைப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத எண் இருந்தால், அதை முதலில் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள்.